வேலைக்கும் கேமுக்கும் ஒரே மொனிட்டர்: 27 வாங்கவா, 24 போதுமா?

கொழும்பு6:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பகல் முழுக்க ஒபிஸ் லப்டொப்பில் எக்செல், பிரவுசர், இடைக்கிடை சூம். இரவில் என்னுடைய சொந்தக் கொம்பியூட்டர்: ரைசன் 5 5600 புரொசெசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். நண்பர்களோடு வலோரன்ட், தனியாக இருந்தால் எல்டன் ரிங், சைபர்பங்க். இப்போது இருப்பது 60 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 60 படம்) ஓடும் பழைய 22 அங்குலத் திரை. அதன் ஒரு மூலை மஞ்சள் பூத்துவிட்டது, வெள்ளைப் பக்கம் திறந்தால் தேத்தண்ணி ஊற்றியது மாதிரி இருக்கும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஒரு கடையில் 27 அங்குல வளைந்த திரை, விஏ வகைப் பனல் (படம் தெரியும் தட்டு), 1080பி (1920க்கு 1080 புள்ளி), 165 ஹேர்ட்ஸ். "பெரிசா எடுங்கோ தம்பி, பிறகு சின்னத்தைப் பார்க்க மனம் வராது" என்றார்கள். அடுத்த கடையில் 24 அங்குல ஐபிஎஸ் (இன்னொரு பனல் வகை), 1080பி, 180 ஹேர்ட்ஸ். மூன்றாவது கடையில் 27 அங்குல ஐபிஎஸ், 1440பி (2560க்கு 1440 புள்ளி), 180 ஹேர்ட்ஸ், அதுதான் விலை கூட. என் பட்ஜெட் ஒரு லட்சம். இன்னும் பத்தாயிரம் இழுக்கலாம், அதற்கு மேல் போனால் வீட்டில் கதை வரும்.

மேசை இரண்டடி ஆழம்தான். சன்னல் என் முதுகுப் பக்கம், கடலைப் பார்த்தது, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெயில் நேரே திரையில் வந்து விழும். இந்த மூன்றில் எதை எடுப்பது? 3060 1440பியைத் தாங்குமா? விஏயில் கறுப்பு நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?


பிக்சல் பித்தன்:

முதல் கடைக்காரர் காட்டியதை முதலில் மறந்துவிடுங்கள். 27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும். அதே 1080பி 24 அங்குலத்தில் 92, 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109. இரண்டடி மேசையில் ஸ்டாண்ட் பிடிக்கும் இடம் போக உங்கள் முகத்துக்கும் திரைக்கும் இடையில் அரை மீட்டர் அளவுதான் மிஞ்சும், அந்தத் தூரத்தில் 82 புள்ளித் திரையில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரியும். கேமில் அது பெரிதாக உறுத்தாது. எக்செலில் எட்டு மணித்தியாலம் பார்த்திருக்கும்போதுதான் கண்ணுக்குப் புரியும்.

எக்செல் என்றதும் இன்னொன்று. 1920 புள்ளி அகலத்தில், பெரிதாக்காமல் வைத்தால், எக்செலின் வழமையான அகலத்தில் 29 நிரல் அளவு தெரியும். 2560இல் ஏறக்குறைய 39. 27 அங்குல 1080பியில் நிரல் கூடாது, அதே 29 நிரல் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பெரிய திரை வாங்குகிறோம் என்று காசு கொடுத்து இடம் வாங்காமல் வருவது இப்படித்தான்.

3060 தாங்குமா என்று கேட்டீர்கள். 1080பியில் ஒரு ஃபிரேமுக்கு 20.7 லட்சம் புள்ளி, 1440பியில் 36.9 லட்சம், அதாவது முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் வேலை. வலோரன்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அந்தக் கேம் கார்டை விடப் புரொசெசரைத்தான் பிடித்து இழுக்கும். எல்டன் ரிங் கணினியில் எப்படியும் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது, கேமைச் செய்தவர்களே பூட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே 165ஆ 180ஆ என்ற கேள்வியே எழாது. சைபர்பங்க்தான் மூச்சு வாங்க வைக்கும். ரே டிரேசிங்கை (வெளிச்சம், நிழலைக் கணக்கிட்டு வரையும் வசதி) நிறுத்திவிட்டு டிஎல்எஸ்எஸை (சின்னதாக வரைந்து பெருப்பிக்கும் வசதி) 'குவாலிட்டி'யில் போடுங்கள். 1440பியில் குவாலிட்டி என்றால் கார்டு உள்ளே வரைவது 960பி, பிறகுதான் அதைப் பெருப்பிக்கும். 1080பித் திரையில் அதே குவாலிட்டி 720பியில் இருந்து தொடங்கும், அங்கே தூரத்து மரம், மின்கம்பி எல்லாம் கலங்கிப்போகும். ஆகவே டிஎல்எஸ்எஸ் உள்ள கார்டுக்கு 1440பி நினைப்பதைவிட இலகு.

நான் என்றால் மூன்றாவது.


ஹெட்ஷொட் மச்சான்:

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், மற்றப் பக்கத்தையும் கேள் மச்சான். வலோரன்டில் ராங்க் ஏற வேண்டும் என்றால் 24 அங்குலம்தான் சரி. பெரிய போட்டிகளில் விளையாடுபவர்கள் 24, 25 அங்குல 1080பித் திரைகளில்தான் இருக்கிறார்கள், அது காசு இல்லாமல் அல்ல, ஒரு பார்வையில் முழுத் திரையும் அடங்க வேண்டும் என்பதற்காக. 27இல் வரைபடம் ஒரு மூலையில், தோட்டாக் கணக்கு இன்னொரு மூலையில், அரை மீட்டரில் இருந்து கண் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் 1440பித் திரை வாங்கிவிட்டுக் கார்டு இழுக்கவில்லை என்று 1080பியில் ஓட்டினால் படம் மங்கும். ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே என்ற கணக்கு, ஒரு புள்ளி ஒரு புள்ளியில் போய்ச் சரியாக உட்காராது. 4கேயில் என்றால் 1080பி சரியாக இரண்டு மடங்கு, அங்கே அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் 4கே உன் பட்ஜெட்டுக்கும் உன் கார்டுக்கும் எட்டாது, அது வேறு கதை.

ஹேர்ட்ஸ் பற்றி ஒரு கணக்கு மட்டும் மனதில் வை. 60 ஹேர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும், 144இல் 6.9, 240இல் 4.2. நீ 60இல் இருந்து 144க்கு வந்தால் ஏறக்குறைய பத்து மில்லிசெக்கன் லாபம், மவுஸை ஒருக்கா அசைத்த உடனேயே வித்தியாசம் தெரியும். அதன்பிறகு 144இல் இருந்து 240க்குப் போக மூன்று மில்லிசெக்கன்கூட இல்லை. எனவே 165ஆ 180ஆ என்று மண்டையை உடைக்காதே, இரண்டும் ஒன்றுதான். பெட்டியில் '1 எம்எஸ்' (ஒரு புள்ளி நிறம் மாற ஒரு மில்லிசெக்கன்) என்று போட்டிருப்பதையும் நம்பாதே, அது ஓவர்டிரைவை, அதாவது அந்த மாற்றத்தை வேகப்படுத்தும் செட்டிங்கை, உச்சத்தில் வைத்து அளந்தது. அப்படி வைத்தால் ஓடும் ஆளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் ஒன்று சேர்ந்து ஓடும். செட்டிங்ஸில் நடுவில் உள்ளதை வை, சரி.


எழுத்துருக்காரி:

நான் கேம் விளையாடுவதில்லை, தமிழில் பக்க வடிவமைப்பு செய்கிறேன், ஆகவே எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையில் மொனிட்டரைப் போட்டுக் காட்டும்போது எல்லோரும் மீன் நீந்துகிற வீடியோவைத்தான் ஓடவிடுவார்கள். அதில் எல்லாத் திரையும் அழகுதான். நீங்கள் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள், சாதாரண அளவில், பெரிதாக்காமல். ணவையும் னவையும் தனித்தனியாகப் பாருங்கள். ணவில் மூன்று சுழி, னவில் இரண்டு. 82 புள்ளித் திரையில் சின்ன எழுத்தில் அந்த மூன்றாவது சுழி ஒரு சாம்பல் கறையாக ஒட்டிக்கொள்ளும், சொல்லைப் பார்த்துத்தான் எந்த எழுத்து என்று ஊகிப்போம். பிறகு 'க்' மேல் உள்ள புள்ளி: அது எழுத்தோடு ஒட்டியிருக்கிறதா, இடைவெளி விட்டு நிற்கிறதா? ஆங்கில எழுத்து அந்த அளவில் தப்பிவிடும், எங்களுடையதும் சிங்களமும் தப்பாது, இரண்டிலும் அவ்வளவு வளைவு. 109 புள்ளியில் இந்தப் பிரச்சினை போய்விடும் என்று சொல்ல முடியாது, ஆனால் பகல் முழுக்கப் படிக்கலாம்.

விஏ பற்றிக் கேட்டிருந்தீர்கள். கறுப்பு நன்றாக இருக்கும் என்பது உண்மை. சாதாரண ஐபிஎஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கும், விஏயில் மூவாயிரத்துக்கு ஒன்று. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும், 27 அங்குலத்தை அரை மீட்டரில் வைத்தால் திரையின் ஓரமே உங்களுக்குப் 'பக்கம்'தான், வளைத்து வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு வளைந்த திரை சரிவராது, பக்கம் அமைக்கும்போது நேர்கோடு நேராகத் தெரிய வேண்டும். எக்செல் கோடுகளுக்கும் அதே எரிச்சல் வரலாம், சிலருக்குப் பழகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் மேற்குச் சன்னல் இருக்கும்போது எந்தப் பனலும் தோற்கும். மேசையைத் திருப்புங்கள், சன்னல் இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ வரட்டும். நேரே முன்னால் வேண்டாம், கண் கூசும்.


பிக்சல் பித்தன்:

அக்கா சொன்ன கறுப்பு விஷயத்தில் ஒரு சேர்க்கை. எல்டன் ரிங்கில் குகைக்குள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு கேமராவைச் சுற்றுங்கள், விலை குறைந்த விஏயில் இருட்டுச் சுவர் பின்னால் கறுப்பாக இழுபடும். கறுப்பில் இருந்து அடுத்த சாம்பலுக்குப் போக அந்தப் பனல்களுக்கு நேரம் எடுக்கும், அதுதான் காரணம். நல்ல விஏயும் இருக்கிறது, ஆனால் இந்த விலையில் கிடைப்பதை நான் நம்பமாட்டேன். ஐபிஎஸுக்கும் ஒரு குறை உண்டு: விளக்கை அணைத்துவிட்டு இருந்தால் மூலைகளில் மங்கலான வெளிச்சம் படரும். மேசையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே கண் அதைக் கவனிக்காது.

மற்றது, பெட்டியில் 'எச்டிஆர் 400' (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் வசதி) என்று பார்த்து ஒரு ரூபாகூடக் கூடக் கொடுக்காதீர்கள். திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமல் எச்டிஆர் போட்டால் இருட்டும் சேர்ந்து வெளுக்கும். ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் பனல்) பற்றி யாராவது சொல்வார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: படம் அருமை, ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் எக்செல் ரிப்பனும் டாஸ்க்பாரும் நிற்கிற வேலைக்கு அது பொருத்தமில்லை, தடம் பதியும். எழுத்தின் ஓரத்தில் நிறம் பிரிந்து தெரிவதும் உண்டு, உள்ளே புள்ளிகளை அடுக்கியிருக்கும் விதம் வேறு என்பதால்.

ஹெட்ஷொட் மச்சான் சொன்ன 24 அங்குல வாதம் தப்பில்லை, அது வலோரன்டுக்காகவே வாங்குபவருக்கு. இவர் பகலில் எட்டு மணித்தியாலம் எக்செலில் இருப்பவர்.


ஹெட்ஷொட் மச்சான்:

சரி, ஒத்துக்கொள்கிறேன், எக்செல்காரனுக்கு 27. ஆனால் 27ஐ இரண்டடி மேசையில் அதன் சொந்த ஸ்டாண்டில் வைக்காதே. பின்னால் வேசா துளை (ஆர்ம் பூட்டுகிற நாலு திருகுத் துளை) இருக்கிறதா என்று பார், 100க்கு 100 மில்லிமீட்டர், இருந்தால் மேசை விளிம்பில் இறுக்குகிற ஆர்ம் ஒன்று வாங்கிச் சுவரோடு தள்ளு. அதிலேயே பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சும். மேசைப் பலகை சிப்போர்ட் என்றால் அடியில் ஒரு பலகைத் துண்டு கொடுத்து இறுக்கு, இல்லாவிட்டால் நொறுங்கும்.


கொட்டாஞ்சேனை13:

தம்பிமார் பனலைப் பற்றி நன்றாகச் சொல்கிறீர்கள், நான் வாங்குகிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். திருத்துகிற வேலையில் இருப்பவன்.

மொனிட்டர் பனல் போனால் போனதுதான். பனலின் விலையும் புது மொனிட்டரின் விலையும் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நிற்கும், அதனால் யாரும் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே வாரண்டிதான் நீங்கள் வாங்குகிற உண்மையான பொருள். மூன்று வருடம் என்று சொன்னால் யாருடைய மூன்று வருடம் என்று கேளுங்கள்: இங்கே உள்ள ஏஜென்டுடையதா, அந்தக் கடையுடையதா? கடை வாரண்டி என்றால் கடை இருக்கும் வரைதான். பனலுக்கும் உள்ளே இருக்கும் பவர் போர்டுக்கும் ஒரே காலமா என்றும் கேளுங்கள், சிலர் பனலுக்கு ஒரு வருடம் என்று வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் காசு. லப்டொப்பைக் கொண்டு போங்கள், முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படம் போனிலேயே செய்து எடுத்துக்கொண்டு போகலாம். வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா, கறுப்பில் எங்காவது மினுங்குகிறதா என்று மூலை மூலையாகப் பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி போனதற்கு வாரண்டியில் மாற்றித் தரமாட்டார்கள், எத்தனை இருந்தால் மாற்றுவார்கள் என்று ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் வைத்துக் கண்டால் அடுத்த பெட்டியை எடுத்துத் தருவார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்டால் நீங்கள்தான் அதோடு வாழ வேண்டும்.

கொண்டு போகும்போது பெட்டி நிமிர்ந்து இருக்கட்டும். ஆட்டோவின் பின் சீட்டில் படுக்கப் போட்டு அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு திரையில் சிலந்தி வலையோடு என்னிடம் வருவார்கள். அந்த வெடிப்புக்கு எந்த வாரண்டியும் இல்லை.

கரண்ட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி நாடு முழுக்கப் போனதே, அப்படிப் போவது பெரிய ஆபத்து இல்லை, திரும்ப வரும்போது வருகிற வோல்டேஜ்தான் ஆபத்து. போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். 650 விஏ (இங்கே வோல்ட்-அம்பியர்) யூபிஎஸ் ஒன்று வைத்திருந்தால் அதில் மொனிட்டரையும் ரவுட்டரையும் கொடுங்கள், லப்டொப்புக்குத்தான் பற்றரி இருக்கிறதே, மீட்டிங் அறுபடாது. 27 அங்குலத் திரை முப்பது நாற்பது வாட் அளவுதான் தின்னும். கேம் விளையாடும் கொம்பியூட்டரை அதிலேயே கொடுத்தால் 3060 மட்டும் 170 வாட் கேட்கும், புரொசெசரும் சேர்ந்தால் யூபிஎஸ் கத்திக்கொண்டே அணைந்துவிடும்.

கடலோரம் என்பதால் இன்னும் ஒன்று. சன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள், உப்புக் காற்றில் பின்பக்கப் போர்ட்டுகளின் உலோகம் கெதியில் பச்சை பிடிக்கும். பாவிக்காத எச்டிஎம்ஐ துளைக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள், மலிவாகக் கிடைக்கும்.


கொழும்பு6:

இவ்வளவு விவரத்துக்கு எல்லோருக்கும் நன்றி. 27, 1440பி, ஐபிஎஸ் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மேசையையும் திருப்பப் போகிறேன், அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக வயர் பற்றி. ஒபிஸ் லப்டொப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான், கொஞ்சம் பழையது. கொம்பியூட்டரை எதில் கொடுப்பது? இரண்டையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பாவிக்க ஏதாவது பெட்டி வாங்க வேண்டுமா? தம்பியும் தன் பிஎஸ்5 கேம் கொன்சோலைச் சில நேரம் இதில் கொடுப்பான்.


பிக்சல் பித்தன்:

கொம்பியூட்டரை டிஸ்பிளே போர்ட்டில் கொடுங்கள். 3060இன் பின்னால் மூன்று டிஸ்பிளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். ஃபிரீசிங்க் என்று போட்ட திரையில் என்விடியா கார்டு ஃபிரேம் வேகத்துக்கு ஏற்றமாதிரித் திரையை ஓட்டும் வசதி 2019 ஜனவரியில் இருந்து இருக்கிறது, அதற்கு டிஸ்பிளே போர்ட்தான் நம்பகமான வழி. சைபர்பங்கில் ஃபிரேம் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் ஆடும்போது படம் கிழியாமல் இருப்பது இதனால்தான், உங்கள் கார்டுக்கு 180 ஹேர்ட்ஸை விட இதுதான் பெரிய லாபம்.

லப்டொப்பின் எச்டிஎம்ஐ 1.4 என்றாலும் 1440பி 60 ஹேர்ட்ஸ் வரும், எக்செலுக்கு அது போதும். 2.0 என்றால் 144 வரைக்கும் போகும். மாற்றுவதற்குத் தனிப் பெட்டி தேவையில்லை, மொனிட்டரின் பின்பக்கப் பொத்தானில் உள்ளீட்டை மாற்றினால் சரி. கீபோர்ட், மவுஸையும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் யூஎஸ்பி சுவிட்ச் ஒன்று வாங்குங்கள், அது மலிவு. படத்தையும் சேர்த்து மாற்றும் கேவிஎம் பெட்டிகளில் விலை குறைந்தவை 60 ஹேர்ட்ஸுக்கு மேல் விடாது.

பிஎஸ்5 2022 செப்டெம்பர் அப்டேட்டில் இருந்து 1440பி தருகிறது. லப்டொப்பும் அதுவும் ஆளுக்கு ஒரு எச்டிஎம்ஐ கேட்கும், திரையில் இரண்டு எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.


ஹெட்ஷொட் மச்சான்:

வீட்டுக்கு வந்து வயரைக் குத்திய கையோடு விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் டிஸ்பிளேக்குப் போய் ஹேர்ட்ஸை மாற்று. பெரும்பாலும் 60இல்தான் வந்து நிற்கும். 180 ஹேர்ட்ஸ் வாங்கி வருடக்கணக்கில் 60இல் ஓட்டிக்கொண்டு "வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்கிற ஆட்கள் என் நண்பர் வட்டத்திலேயே இருக்கிறார்கள். வயரும் பெட்டிக்குள் வருவதையே பாவி.


எழுத்துருக்காரி:

விண்டோஸ் அளவை 125 வீதத்தில் வைக்கலாமா என்று பிறகு கேட்பீர்கள். முதலில் ஒரு கிழமை 100இல் பாருங்கள். 125 வைத்தால் எக்செலில் கிடைத்த அந்தப் பத்து நிரலில் பெரும்பகுதி திரும்பப் போய்விடும். எழுத்து மட்டும் சின்னதாக இருந்தால் பிரவுசரில் பெருப்பித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எழுத்தைக் கூராக்கும் கிளியர்டைப் என்பதைத் தேடித் திறந்து அது கேட்கிற மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைத் தெரிவு செய்யுங்கள், அதை யாரும் செய்வதில்லை.


கொழும்பு6:

சரி அக்கா. சனிக்கிழமை போகிறேன். கொட்டாஞ்சேனை அண்ணா, இணையத்தில் அதே மொடல் எட்டாயிரம் குறைவாக இருக்கிறது, அங்கே எடுத்தால் என்ன?


கொட்டாஞ்சேனை13:

அந்த விலையில் வற் சேர்ந்திருக்கிறதா, வாரண்டி யாருடையது, பெட்டியைப் பிரித்துப் பார்த்து எடுக்க விடுவார்களா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அங்கேயே எடுங்கள். இல்லாவிட்டால் அந்த விலையை யூனிட்டி பிளாசாக் கடைக்காரருக்குப் போனில் காட்டிப் பாருங்கள், இரண்டு மூவாயிரமாவது இறங்குவார், அல்லது ஆர்மையாவது குறைத்துத் தருவார். எங்கே எடுத்தாலும் பில்லில் மொனிட்டரின் சீரியல் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், பெட்டியில் உள்ளதும் திரையின் முதுகில் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.